காவலுக்கு ஆள் இருந்தால் விஷம் எதற்கு?

கேள்வி இரண்டு பகுதியாக வந்தது. சூழலியலில் 'கீஸ்டோன் இனம்' என்கிறார்களே, அது என்ன? உயிரினங்கள் தற்காப்புக்காக உடம்பில் வைத்திருக்கும் விஷம், கசப்பு, துவர்ப்பு போன்ற வேதிப்பொருள்களுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

முதல் பகுதிக்குப் பதில் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது பகுதி. ஓர் இடத்தில் யார் விஷம் வைத்திருந்தால்தான் பிழைக்க முடியும், யாருக்கு அது வீண் செலவு என்பதைப் பல நேரம் கீஸ்டோன் இனம்தான் முடிவு செய்கிறது. அந்த இனத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை விஷம் முடிவு செய்கிறது. இரண்டுக்குமே நன்றாக ஆராயப்பட்ட உதாரணங்கள் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இருப்பதால், பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கதைகளைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். கல்லால் வளைவு கட்டும்போது இரண்டு பக்கமிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியாக உச்சியில் ஆப்பு வடிவக் கல் ஒன்றை இறக்குவார்கள். அதுதான் கீஸ்டோன். மற்ற கற்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை உருவிவிட்டால் வளைவு நிற்காது. 'கீ' என்றதும் சாவி என்று நினைத்து 'திறவுகோல் இனம்' என்று எழுதுபவர்கள் உண்டு. சாவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மொழிபெயர்ப்புச் சண்டைக்குப் போகாமல் நான் கீஸ்டோன் என்றே எழுதுகிறேன்.

சூழலியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் பெயின். 1963இல் அவர் செய்த வேலை பார்ப்பதற்குக் கிறுக்குத்தனமாக இருந்திருக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மக்கா விரிகுடாப் பாறைகளில், சுமார் 8 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கடல் வற்றும் நேரமாகப் பார்த்துப் போய், அங்கே ஒட்டிக்கொண்டிருந்த நட்சத்திர மீன்களைக் கடப்பாரையால் நெம்பியெடுத்துக் கடலுக்குள் வீசினார். திரும்பி வருவதையும் விடாமல் வீசினார். பக்கத்திலேயே இன்னொரு துண்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொடாமல் விட்டுவைத்தார்.

அந்த நட்சத்திர மீன் கல்லுமக்காய் தின்பது. அது போனதும் முதலில் கொட்டலசுகள் (பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஓடுள்ள சிறு பிராணிகள்) இடத்தைப் பிடித்தன. அப்புறம் கல்லுமக்காய் வந்து அவற்றையும் நெருக்கித் தள்ளியது. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மட்டும் மிஞ்சின. நட்சத்திர மீன் தின்று அடக்கிவைத்திருந்தது கல்லுமக்காயை. அதனால் பிழைத்துக்கொண்டிருந்தது, பாறையில் இடம் கிடைத்த மற்ற உயிர்கள். 1966இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கீஸ்டோன் என்ற பெயரை 1969இல்தான் வைத்தார்.

இன்று இந்தப் பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறார்கள். புலி கீஸ்டோன், தேனீ கீஸ்டோன், தென்னை மரமும் கீஸ்டோன். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. 1996இல் சூழலியலாளர்கள் சிலர் கூடி இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள்: ஓர் இனத்தின் தாக்கம் பெரிதாக இருக்க வேண்டும், அதன் எண்ணிக்கைக்கும் எடைக்கும் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். காட்டில் பாதி இடத்தை ஒரே மரம் பிடித்திருந்தால் அதன் தாக்கம் பெரிதாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்துகொண்டு ஊரையே ஆட்டி வைப்பதுதான் கீஸ்டோன்.

அப்படி ஆட்டி வைப்பதில் கடல் நீர்நாயை மிஞ்ச ஆள் கிடையாது. இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேதியியல் உள்ளே நுழைவது இங்கேதான்.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கலம், சீல் மாதிரி தோலுக்கடியில் கொழுப்பு அடுக்கு கிடையாது. உறையவைக்கும் தண்ணீரில் அது தாக்குப்பிடிப்பது ரோமத்தால். நம் தலை முழுவதும் இருக்கும் முடியை எண்ணினால் சுமார் 1 லட்சம் வரும். அவ்வளவையும், அதற்கு மேலும், அது ஒரு சதுர சென்டிமீட்டரில் வைத்திருக்கிறது. அதுவும் போதாமல், உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தன் எடையில் கால்வாசி வரை ஒரு நாளில் தின்கிறது. 30 கிலோ நீர்நாய் என்றால் 7 கிலோ வரை மட்டி, நண்டு, கடல் முள்ளெலி (பெயரில்தான் எலி, உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாகப் பாறையில் ஊரும் பிராணி). மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் மட்டியை மோதி உடைத்துச் சாப்பிடும். 

அந்த ரோமமே அதற்கு எமனாகவும் ஆனது. 1741இல் பெரிங்கின் ரஷ்யப் பயணக் குழு அலாஸ்காப் பக்கம் போய்த் தோலோடு திரும்பியது. அதன்பின் 170 வருட வேட்டை. 1911இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தியபோது, லட்சத்துக்கும் மேல் இருந்த விலங்கு சிதறிச் சிதறி 2,000 அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் சிலவற்றில் அது பிழைத்துப் பெருகியது. சிலவற்றில் அடியோடு இல்லாமல் போனது. யாரும் திட்டமிடாமலே, பெயின் கடப்பாரையால் செய்த பரிசோதனையை ரோம வியாபாரிகள் ஒரு கடல் அளவுக்குச் செய்து வைத்திருந்தார்கள்.

1971இல், அவற்றில் நீர்நாய் பெருகிய அம்சிட்கா தீவில், ஜேம்ஸ் எஸ்டஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் நீர்நாய்களைப் படித்துக்கொண்டிருந்தார். கெல்ப் காடு நீர்நாய்க்கு எப்படி உதவுகிறது என்பதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி. கெல்ப் என்பது பழுப்புக் கடற்பாசிகளில் பெரிய வகை. ராமேஸ்வரம் பக்கம் பாறையிலிருந்து பறிக்கும் பாசியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய கெல்ப் வகைகள் கடல் தரையிலிருந்து பனைமர உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். தீவுக்கு வந்த பெயின், எஸ்டஸ் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கெல்ப் நீர்நாய்க்கு என்ன செய்கிறது என்பதை விடு, நீர்நாய் கெல்ப்புக்கு என்ன செய்கிறது என்று பார்.

எஸ்டஸ் நீர்நாய் இல்லாத ஷெம்யா தீவுக்குப் போய்த் தண்ணீருக்குள் இறங்கினார். தரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கடல் முள்ளெலி, ஜமுக்காளம் விரித்த மாதிரி. கெல்ப் ஒரு தண்டுகூட இல்லை. அம்சிட்காவிலோ கெல்ப் அடர்ந்த காடு, முள்ளெலி சின்னதாக, பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு. நீர்நாய் முள்ளெலியைத் தின்கிறது, முள்ளெலி கெல்ப்பைத் தின்கிறது. மேலே ஒன்றை எடுத்தால் கீழே காடே போய்விடும். 1974இல் ஜான் பால்மிசானோவோடு சேர்ந்து இதை எழுதினார். இதுவரை சூழலியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை.

அடுத்து வருவது பலருக்குத் தெரியாதது.

ஒரு பச்சைப் பாக்கைக் கடித்துப் பாருங்கள். நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் இறுகி, வாயில் இருக்கும் ஈரத்தையே யாரோ உறிஞ்சியெடுத்த மாதிரி இருக்கும். அது டானின் செய்யும் வேலை. எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். ஆவாரம் பட்டையைப் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்களே, அதுவும் இதே வேலைதான்: தோலில் இருக்கும் புரதத்தைக் கட்டி, அழுகாமல் செய்வது. கெல்ப் உள்ளிட்ட பழுப்புப் பாசிகளிலும் இதற்கு இணையான பொருள்கள் உண்டு. ஃப்ளோரோடானின் என்று பெயர். தின்ன வருபவர்களின் வாயைக் கட்டுவது அதன் உபயோகங்களில் ஒன்று.

ஆனால் இது சும்மா வருவதில்லை. டானின் செய்யச் செலவிடும் கார்பனை வைத்து அந்தச் செடி இலை விட்டிருக்கலாம், உயரம் போட்டிருக்கலாம். ஆகவே நியாயமான கேள்வி இது: தின்பவர்களை வேறு யாரோ அடக்கிவைத்திருக்கும் கடலில் கெல்ப் எதற்காக இந்தச் செலவைச் செய்ய வேண்டும்? தெருமுனையில் ராத்திரி முழுக்கக் காவல்காரர் நின்றால் யாரும் மூன்று பூட்டுப் போட மாட்டார்கள்.

பீட்டர் ஸ்டைன்பெர்க், எஸ்டஸ், ஃபிராங்க் விண்டர் மூவரும் இதை உலக அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நீர்நாய் நெடுங்காலமாக இருந்த வட பசிபிக். இன்னொரு பக்கம், அதற்கு இணையாக முள்ளெலியை அடக்கும் விலங்கு இல்லாத ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. குளிர்ச்சியும் பாறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, காவல் மட்டும் வேறு. 1995இல் வந்த முடிவு: தெற்கே இருக்கும் பழுப்புப் பாசிகளில் ஃப்ளோரோடானின் வடக்கில் இருப்பதைப்போல் 5, 6 மடங்கு.

இதோடு நின்றிருந்தால்கூட நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அவர்கள் தின்பவர்களையும் சோதித்தார்கள். பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரோடானினை உணவில் கலந்து இரண்டு பக்கத்து முள்ளெலிகளுக்கும் நத்தைகளுக்கும் கொடுத்தார்கள். வட பசிபிக் ஆட்கள் வாய் வைத்ததும் ஒதுங்கிவிட்டன. தெற்கத்தி ஆட்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. தெற்கே பாசி டானினை ஏற்றியது, தின்பவை பழகிக்கொண்டன, பாசி இன்னும் ஏற்றியது. பல லட்சம் வருடப் போட்டி. வடக்கே அந்தப் போட்டி தொடங்கவே இல்லை. நீர்நாயும் அதன் மூதாதைகளும் நடுவில் நின்றதால் பாசியும் ஆயுதம் செய்யவில்லை, முள்ளெலியும் கவசம் செய்யவில்லை.

இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க வட பசிபிக்கிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அகாரம் என்று ஒரு கெல்ப், இலை முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. நீர்நாய் அதிகம் முக்குளித்துப் போகாத ஆழத்தில் வளர்வது. அங்கே முள்ளெலி ஏராளம். அது ஃப்ளோரோடானினை நிறைய வைத்திருக்கிறது. முள்ளெலிகள் மற்ற கெல்ப்பை மொட்டையடித்த இடத்திலும் அகாரம் நின்றுகொண்டிருக்கும். காவல்காரர் வராத சந்தில் குடியிருப்பவர் பூட்டுப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு கவலையான விஷயமும் வருகிறது. கலிஃபோர்னியாவின் வட கரையில் நீர்நாய்கள் திரும்பி வரவே இல்லை. அங்கே முள்ளெலியை அடக்கியது சூரியகாந்தி நட்சத்திர மீன், இருபதுக்கு மேல் கைகளோடு தட்டு அகலத்தையும் தாண்டி வளர்வது. 2013இல் நட்சத்திர மீன்களை உருக்கிக் கரைக்கும் நோய் ஒன்று பரவி அதைத் துடைத்துப் போட்டது. கடல் வெப்பமும் சேர்ந்துகொண்டது. சில வருடங்களில் அந்தக் கரையின் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. சாதுவான இலைகளைத் தின்று தீர்த்த ஊதா முள்ளெலிகள், உள்ளே சதையே இல்லாமல் வெறும் ஓடாகப் பாறைமேல் உட்கார்ந்திருக்கின்றன. பட்டினியிலேயே வருடக்கணக்கில் உயிரோடு இருக்க அவற்றால் முடியும். அதனால் கெல்ப் தலையெடுக்க வழியில்லை. காவல் போன பிறகு பூட்டு செய்யத் தொடங்கினால் பரிணாமத்துக்கு அவகாசம் போதாது.

சரி, இதுவரை கீஸ்டோன் இனம் விஷத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்த்தோம். இப்போது எதிர்ப்பக்கம்.

நீர்நாய்க்கு மிகவும் பிடித்த உணவுகளில் ஒன்று பட்டர் கிளாம் என்னும் பெரிய மட்டி. மட்டி கடல் தண்ணீரை வடிகட்டி அதில் இருக்கும் நுண்பாசிகளைத் தின்கிறது. சில பருவங்களில் அலெக்ஸாண்ட்ரியம் என்ற நுண்பாசி பெருகும். அது சாக்சிடாக்சின் என்ற நரம்பு விஷத்தைச் செய்வது. மட்டிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மற்ற மட்டிகள் சில வாரங்களில் விஷத்தை வெளியேற்றிவிடும். பட்டர் கிளாமோ தண்ணீர் உறிஞ்சும் குழாயில் அதை மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக, சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்த மட்டிப் பேரினமான சாக்சிடோமஸின் பெயரைத்தான் விஷத்துக்கே வைத்தார்கள்.

இந்த விஷம் மனிதர்களையும் விடாது. 1793 ஜூனில் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் கல்லுமக்காய் பறித்துச் சாப்பிட்டார்கள். உதடும் விரலும் மரத்துப்போனது. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு இன்றும் விஷக் குடா என்றுதான் பெயர். நம் பக்கமும் நடந்திருக்கிறது. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள். 1997இல் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் சாப்பிட்டு 7 பேர். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் இது அழியாது.

நீர்நாய் என்ன செய்கிறது? அலாஸ்காவில் ரிக் க்விடெக் குழுவினர் கூண்டில் வைத்திருந்த நீர்நாய்களுக்கு விஷம் ஏறிய மட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடித்துப் பார்த்த நீர்நாய்கள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டன. அதுமட்டுமில்லை, சாப்பிட்டபோதும் விஷம் அதிகமாகத் தங்கும் குழாயையும் சிறுநீரகத்தையும் பிய்த்தெடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றன. கோழியைச் சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடையாமல் தனியாக எடுத்து எறிவோமே, அந்த மாதிரி. கூண்டுக்கு வெளியே, கடலிலும் இதே கதைதான்: மட்டிகளில் விஷம் ஏறிக்கிடக்கும் இடங்களில் நீர்நாய்கள் அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை, மட்டிகள் பெரிதாக வளர்ந்து கிடக்கின்றன.

ஒரு கடலின் அமைப்பையே மாற்றும் 30 கிலோ விலங்கை, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் செய்த மூலக்கூறு 'இதோடு நில்' என்கிறது. அப்படியானால் கீஸ்டோன் யார், விலங்கா மூலக்கூறா? 2007இல் ரிச்சர்ட் சிம்மரும் ரயன் ஃபெரரும் இதைத்தான் எழுதினார்கள்: சாக்சிடாக்சின், டெட்ரோடோடாக்சின் போன்றவை இத்தனை இனங்களின் நடத்தையை ஒரே நேரத்தில் கட்டி வைத்திருக்கும்போது, அந்த மூலக்கூறுகளையே கீஸ்டோன் என்று சொன்னால் என்ன? முதலில் படித்தபோது இதுவும் பட்டத்தை வாரி வழங்கும் வேலை என்றுதான் நினைத்தேன். அவர்கள் காட்டிய உதாரணத்தைப் பார்த்தபின் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அந்த உதாரணம் நியூட்.

நியூட் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம். சலமாண்டர் வகை. அமெரிக்க மேற்குக் கரை நியூட்டுக்கு முதுகு பழுப்பு, வயிறு பளிச்சென்று ஆரஞ்சு. சீண்டினால் முதுகை வில் மாதிரி வளைத்துத் தலையையும் வாலையும் தூக்கி அந்த ஆரஞ்சைக் காட்டும். ஓடாது. ஓட வேண்டிய அவசியமும் இல்லை. அதன் தோலில் இருப்பது டெட்ரோடோடாக்சின், நம் மீனவர்கள் வலையில் விழுந்தால் ஒதுக்கி வீசும் பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம். ஜப்பானில் 1909இல் பேத்தையின் முட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார்கள். நியூட்டில் இருப்பதும் அதுவேதான் என்று 1964இல்தான் தெரிந்தது. கடல் மீனுக்கும் மலை ஓடையில் வாழும் பிராணிக்கும் ஒரே விஷம் என்பதை வேதியியலாளர்களே முதலில் நம்பத் தயங்கினார்கள். 2020இல் நியூட்டின் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் செய்வதை ஆய்வகத்தில் காட்டினார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. நரம்பில் செய்தி ஓடுவது, சோடியம் அயனிகள் உள்ளே பாயும் மிகச் சிறிய வாசல்கள் வழியாக. டெட்ரோடோடாக்சின் அந்த வாசலில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தசை தளரும், மூச்சு நிற்கும், நினைவு மட்டும் பல நேரம் கடைசி வரை இருக்கும். சாக்சிடாக்சின் அடைப்பதும் இதே வாசலைத்தான். ஒரேகானில் ஒரு பழைய கதை உண்டு: மூன்று வேட்டைக்காரர்கள் கூடாரத்தில் இறந்து கிடந்தார்கள், காப்பிப் பாத்திரத்துக்குள் வெந்த நியூட் ஒன்று இருந்தது. கதை இருக்கட்டும், 1979இல் அதே மாநிலத்தில் 29 வயது ஆள் ஒருவர் குடிபோதையில் பந்தயத்துக்காக நியூட்டை விழுங்கி அன்றே இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இப்படிப்பட்ட பிராணியைத் தின்னும் ஜீவன் ஒன்று உண்டு: கார்ட்டர் பாம்பு, நம் வயல்வரப்பில் நெளியும் தண்ணீர்ப்பாம்பின் தூரத்துச் சொந்தம். அதன் தசையில் இருக்கும் சோடியம் வாசல்களின் வடிவம் மாறிப்போயிருப்பதால் தக்கை சரியாகப் பொருந்துவதில்லை. எட்மண்ட் ப்ரோடி என்ற தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் பல பத்தாண்டுகளாக இதைத் துருவியிருக்கிறார்கள். நியூட்டில் விஷம் ஏறிய ஊர்களில் பாம்புக்குத் தாங்கும் சக்தியும் ஏறியிருக்கிறது. வான்கூவர் தீவில் நியூட்டுகளுக்கு விஷம் கிட்டத்தட்ட இல்லை, அங்கத்துப் பாம்புகளுக்கும் தாங்கும் சக்தி இல்லை. தாங்கும் சக்திக்குப் பாம்பு விலையும் கொடுக்கிறது, அப்படிப்பட்ட பாம்புகள் ஊர்வதில் மந்தம். கெல்ப்பில் பார்த்த அதே செலவுக் கணக்கு. சில பாம்புகள் நியூட்டைப் பாதி விழுங்கிவிட்டு அப்படியே நிறுத்தி வைத்துப் பார்க்குமாம். ஒத்துக்கொண்டால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே துப்பிவிடும். விழுங்கிய பாம்பின் ஈரலில் விஷம் வாரக்கணக்கில் தங்குகிறது. அந்தப் பாம்பைத் தின்னும் பறவைக்கும் அது ஆபத்து. இப்படி ஒரு மூலக்கூறு நியூட்டிலிருந்து பாம்புக்கும், பாம்பிலிருந்து அதன் எதிரிக்கும் போகிறது.

ஆனால் என்னை மாற்றியது பாம்பு இல்லை, குஞ்சுகள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சாண்டா மோனிகா மலை ஓடைகளில் வசந்தத்தில் நியூட்டுகள் முட்டையிட வரும். பெரியவை பசி வந்தால் தம் இனத்துக் குஞ்சையே தின்னும். குஞ்சு தப்பிப்பது எப்படி? பெரியவற்றின் தோலிலிருந்து துளித்துளியாகத் தண்ணீரில் கசியும் டெட்ரோடோடாக்சினை அது மோப்பம் பிடிக்கிறது. வாடை பட்டதும் கல்லுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். எதிரியைக் கொல்ல வைத்திருக்கும் விஷம் குஞ்சுக்கு அபாயச் சங்கு.

இன்னொன்று. ஓடையில் புழுக்கள் விழுந்து கிடந்தால் பெரியவை குஞ்சை விட்டுவிட்டுப் புழுவைத்தான் தேடிப் போகும். புழுவிலிருந்து கசியும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் தண்ணீரில் கலந்திருந்தால், டெட்ரோடோடாக்சின் வாடை அடித்தாலும் குஞ்சுகள் பதுங்குவதில்லை. 'பெரியவர் வந்துவிட்டார், ஆனால் இலையில் சோறு விழுந்தாயிற்று' என்று கணக்குப் போட்டுத் தைரியமாக மேயும். இதைப் படித்தபோது எனக்குக் கல்யாணப் பந்தியில் சமயம் பார்த்து நுழையும் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரே மூலக்கூறு, ஒருவருக்கு ஆயுதம், ஒருவருக்குத் தடை, ஒருவருக்குச் செய்தி. கீஸ்டோன் என்ற பட்டத்தை மூலக்கூறுக்குக் கொடுக்கலாமா என்பதில் இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பெயினின் அளவுகோல்படி அதை உருவிப் பார்க்க வேண்டும், விஷத்தை மட்டும் ஓடையிலிருந்து உருவி எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் யார் யாரைத் தின்கிறார்கள் என்று மட்டும் கோடு போட்டுக் காட்டும் உணவு வலைப் படம் பாதிப் படம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உருவ முடியாவிட்டாலும், விஷத்தைச் செல்லாக்காசாக ஆக்கும் ஆளைக் கொண்டுவந்து விடலாம். அதைத்தான் மனிதர்கள் செய்தார்கள். அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த, கிரேஃபிஷ் என்னும் சிவப்பு நன்னீர் இறால், தூண்டில் இரையாகக் கொண்டுவரப்பட்டு அந்த ஓடைகளில் புகுந்தது. கொசு ஒழிக்க விட்ட கம்பூசியா மீனும் சேர்ந்தது. நம் ஊரிலும் கிணற்றில் கொசுப்புழுவுக்காக விடுவார்களே, அதே மீன். நியூட்டின் முட்டையிலும் டெட்ரோடோடாக்சின் உண்டு. இறால் அதைப் பொருட்படுத்தாமல் முட்டையைத் தின்றது, பெரிய நியூட்டுகளையும் கவ்விக் காயப்படுத்தியது. கம்பூசியா மீனோ நியூட் குஞ்சுகளைத் தின்றது. 1980களில் நியூட் இருந்த 10 ஓடைகளை 1994இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது 3 ஓடைகளில் நியூட்டே இல்லை. அந்த மூன்றிலும் இந்த வெளியூர் ஆட்கள் இருந்தார்கள். 

1995 தொடக்கத்தில் அங்கே பெருமழை. வெள்ளம் ஓர் ஓடையிலிருந்த இறால்களையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வசந்தத்தில் அங்கே போய்ப் பார்த்தவர்கள் கண்டது நியூட்டுகளையும், முட்டைக் கொத்துகளையும், அவற்றிலிருந்து வந்த குஞ்சுகளையும்.